லூக்கீனாவின் பெயர்: ஒளியா, சோலையா?

தொடக்கக் கேள்வி, மார்ச் 1

ரோமானியரின் மகப்பேற்றுத் தெய்வமான லூக்கீனாவின் பெயர், ஒளி என்று பொருள்படும் ‘லூக்ஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதில் ஐயமே இல்லை. கருவறை இருளிலிருந்து குழந்தையை வெளிச்சத்துக்குக் கொண்டுவருபவள் அவள். சோலை என்ற பொருளுடைய ‘லூக்குஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது பிற்காலத்தவர் கட்டிய கதை. ரோமில் இன்றும் அவள் பெயரோடு நிற்கும் தேவாலயம் அவளுடைய கோயிலின் மீதுதான் எழுப்பப்பட்டது. மறுப்பவர்கள் சான்று காட்டட்டும்.

மார்ச் 1, இரவு

சான்று கேட்டிருப்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். சோலை விளக்கம் பிற்காலக் கதை என்ற கூற்று நிற்காது. ரோமானியக் கவிஞர் ஓவிட் தம்முடைய நாட்காட்டிக் கவிதையின் இரண்டாம் நூலில், தேவியை நேராக விளித்து, இந்தப் பெயரை உனக்குச் சோலை கொடுத்தது, அல்லது ஒளியின் தொடக்கம் உன்னிடம் இருப்பதால் வந்தது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். எது சரி என்று தீர்ப்பு எழுதாமல், கருவுற்ற பெண்களிடம் இரக்கம் காட்டு என்று வேண்டிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார்.

இயற்கை வரலாறு எழுதிய ரோமானியர் மூத்த பிளினியோ வெளிப்படையாகச் சோலைப் பக்கம் நிற்கிறார். ரோமின் எஸ்குயிலின் குன்றில் லூக்கீனாவின் கோயில் கி.மு. 375இல், ரோமில் மேல்நிலை அதிகாரிகளே தேர்ந்தெடுக்கப்படாத ஓர் ஆண்டில், கட்டப்பட்டது. அதன் முற்றத்தில் ரோமானியர் ‘லோட்டஸ்’ என்று அழைத்த ஒரு மரம் நின்றது. (நம் குளத்துத் தாமரைக்கும் அதற்கும் உறவில்லை, அது சிறு கனி தரும் பெருமரம்.) அந்த மரம் கோயிலைவிடப் பழையது என்பதற்குப் பிளினி தரும் காரணம், அந்தச் சோலையின் பெயரால்தான் தெய்வமே பெயர் பெற்றாள் என்பது. சோலை விளக்கத்தை அவர் நிறுவ முயலவில்லை என்பதைக் கவனியுங்கள். அதைத் தெரிந்த செய்தியாக வைத்துக்கொண்டு மரத்தின் வயதை நிறுவுகிறார். வாசகர்கள் மறுக்க மாட்டார்கள் என்று நம்பினால்தான் ஒருவர் இப்படி வாதிடுவார்.

கேள்வி கேட்டவருக்குச் சேர வேண்டியதையும் கொடுத்துவிடுகிறேன். நம் கைக்குக் கிடைத்த நூல்களில் ஒளி விளக்கம் சற்று முந்தியே தோன்றுகிறது. ரோமானிய அறிஞர்களான வர்ரோவும் சிசரோவும் கி.மு. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே லூக்கீனாவை நிலவோடும் ஒளிர்தலோடும் இணைத்து எழுதிவிட்டார்கள். ஆனால் ஓவிட் அவர்களுக்கு இரண்டு தலைமுறை மட்டுமே பிந்தியவர். இந்த இடைவெளியை வைத்து ஒன்றைப் பழமை என்றும் மற்றதைப் புனைவு என்றும் பிரிக்க முடியாது.

தேவாலயத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அது தனிக் கதை.

மார்ச் 2

எழுத்துப்பெயர்ப்பு பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். பழைய லத்தீனில் ‘c’ என்ற எழுத்துக்கு எப்போதும் ககர ஒலிதான் என்பதால் லூக்கீனா என்று எழுதுகிறேன். இத்தாலியர் லூச்சினா என்பார்கள். லூக்கீனா என்ற பட்டத்தோடு அழைக்கப்பட்ட பெருந்தேவி ஜூனோவை மட்டும் தமிழ் வாசகர்கள் அறிந்த வடிவிலேயே விட்டுவிடுகிறேன். யூனோ என்று எழுதினால் நூலுக்கு ஒத்திருக்கும், ஆனால் பாதிப் பேர் அடையாளம் காண மாட்டார்கள்.

மார்ச் 2, மாலை

நேற்றைய குறிப்பில் ஓவிடை நடுநிலையாளராக நிறுத்திவிட்டேன். மூன்றாம் நூலை மீண்டும் எடுத்துப் பார்த்த பிறகு அந்த நடுநிலை அவ்வளவு சமமாக இல்லை என்று தோன்றுகிறது. மார்ச் 1 லூக்கீனாவின் கோயில் திருநாள். மணமான பெண்களின் விழாவான மாத்ரோனாலியா அன்றுதான். (கேள்வி அந்த நாளிலேயே வந்தது தற்செயலா என்று கேட்டவரே சொல்லட்டும்.) அந்த நாளுக்கான பகுதியில், தேவிக்கு மலர் கொண்டு செல்லுங்கள், தலையில் இளம்பூக்களைச் சூடிக்கொள்ளுங்கள் என்று பெண்களுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வாயில் வைக்க வேண்டிய சொற்களையும் ஓவிட் தருகிறார்: லூக்கீனா, எங்களுக்கு ஒளியைத் தந்தவள் நீ, பேற்று நோவில் வேண்டுபவளுக்குத் துணை வருபவளும் நீ.

ஆக, சொல்லாராய்ச்சி என்று உட்கார்ந்தால் சோலையை முதலிலும் ஒளியை இரண்டாவதாகவும் வைக்கும் அதே கவிஞர், வழிபடும் பெண்ணின் வாய்மொழி என்று வரும்போது ஒளியை மட்டும் வைக்கிறார். ஒரு பெயர் எங்கிருந்து வந்தது என்பதும், அதைச் சொல்பவர்களுக்கு அது எப்படிக் கேட்டது என்பதும் இரு வேறு கேள்விகள். இந்த இழையில் நாம் இரண்டையும் கலந்து பேசுகிறோம் என்பது என் எண்ணம்.

மார்ச் 4

இனி மொழியியல் பக்கம். இலக்கணம் இந்த வழக்கைத் தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

முதலில் விகுதி. ‘ரேக்ஸ்’ என்றால் அரசன், ‘ரேகீனா’ என்றால் அரசி. அதே அச்சில் லூக்ஸ் என்பதிலிருந்து லூக்கீனா இயல்பாகப் பிறக்கும். ஆனால் ‘மெடிகுஸ்’ என்ற மருத்துவரிடமிருந்து ‘மெடிகீனா’ என்ற மருத்துவம் பிறந்ததுபோல, லூக்குஸ் என்பதிலிருந்தும் லூக்கீனா அதே அளவு இயல்பாகப் பிறக்கும். இரண்டு கதவுகளும் திறந்தே இருக்கின்றன.

அடுத்தது எழுத்துகூட்டல். ரோமுக்குத் தென்கிழக்கே மலைமேல் இருந்த நோர்பா என்ற பழைய லத்தீன் நகரில் கிடைத்த வெண்கலத் தகட்டில் இந்தப் பெயர் ‘லௌக்கீனா’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. இந்த ஔகாரம் பழைய வடிவத்தின் தடயம். பின்னாளில் அது நீண்ட ஊகாரமாக மாறியது. ஒளிச் சொல்லுக்கும் பழைய வடிவம் ஔகாரத்தோடுதான் இருந்திருக்க வேண்டும் என்பதால் இதை ஒளிக் கட்சியின் வெற்றியாகச் சிலர் காட்டுவதுண்டு. அப்படியானால் ஸ்பொலேத்தோவில் கிடைத்த கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக் கல்வெட்டை என்ன செய்வது? ஒரு புனிதச் சோலையிலிருந்து எவரும் எதையும் வண்டியேற்றவோ சுமந்து செல்லவோ கூடாது, ஆண்டு வழிபாட்டு நாளில் தவிர மரம் வெட்டக் கூடாது, மீறினால் ஜூப்பிட்டருக்கு ஒரு மாட்டைப் பரிகாரமாகத் தர வேண்டும், தெரிந்தே மீறியவன் 300 ஆஸ் காசு தண்டமும் கட்ட வேண்டும் என்று சொல்லும் அந்தச் சட்டம், சோலையை ‘லௌக்கொம்’ என்றே எழுதுகிறது. அதே ஔகாரம். எழுத்துகூட்டலும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டது.

காரணம் எளிது. இரண்டு சொற்களுமே ஒளிர்தலைக் குறிக்கும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து பிறந்தவை. லூக்குஸ் என்பது முதலில் அடர்ந்த காட்டைக் குறிக்கவில்லை. மரங்களுக்கு நடுவே வெளிச்சம் இறங்கும் திறந்த வெளியைக் குறித்தது. லித்துவானிய மொழியில் இதன் உடன்பிறப்பான ‘லௌகாஸ்’ என்ற சொல்லுக்கு இன்றும் வயல் என்றுதான் பொருள். ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோ தம் வேளாண் நூலில் சோலையில் மரம் வெட்டி வெளிச்சம் விடுவதற்கு ‘கொன்லூக்காரே’ என்ற வினையைப் பயன்படுத்தி, அதற்கு முன் ஒரு பன்றியைப் பலியிட்டு, இந்தச் சோலை எந்தத் தெய்வத்துக்கு உரியதோ, ஆணோ பெண்ணோ, அந்தத் தெய்வமே என்று தொடங்கும் மன்றாட்டைச் சொல்ல வேண்டும் என்று விதிக்கிறார். வெட்டும் வேலையின் பெயரிலேயே ஒளி இருக்கிறது.

இந்தப் பழைய பொருளை மறந்துவிட்ட பிற்கால ரோமானியர், சோலை இருட்டாக இருக்கிறதே, அதற்கு ஏன் ஒளியின் பெயர் என்று குழம்பி, ஒளிராததால் லூக்குஸ் என்று தலைகீழ் விளக்கம் சொன்னார்கள். முதல் நூற்றாண்டில் பேச்சுக்கலை ஆசிரியர் குவின்டிலியன் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறார். சிரித்தது சரிதான், ஆனால் இரண்டு சொற்களும் உறவு என்ற அடிப்படை ஊகம் மட்டும் பிழைத்துக்கொண்டது.

மார்ச் 5

எதிர்பார்த்த கேள்வி வந்துவிட்டது. ஆம், சமஸ்கிருதத்தின் ‘லோக’ என்ற சொல்லும் இதே குடும்பம். வேத வழக்கில் அது திறந்த இடம், வெளி என்ற பொருளோடுதான் தொடங்குகிறது. ‘உலகம்’ என்ற தமிழ்ச் சொல் அதிலிருந்து வந்ததா, தனித்து நின்றதா என்ற வழக்கை இங்கே இழுத்து முடிச்சுப் போட வேண்டாம். லூக்கீனாவின் கோயிலில் முடிச்சுக்கு அனுமதி கிடையாது. ஏன் என்பதை அடுத்து எழுதுகிறேன்.

மார்ச் 7

வெர்ஜிலின் காவியத்துக்கு உரை எழுதிய செர்வியுஸ், ஜூனோ லூக்கீனாவின் கோயிலுக்குள் நுழைபவர்கள் தங்கள் மீதுள்ள முடிச்சுகள் எல்லாவற்றையும் அவிழ்த்திருக்க வேண்டும் என்று குறிப்பிடுகிறார். ஓவிடும், கருவுற்றவள் வேண்டும்போது கூந்தலை அவிழ்த்துவிட்டு வேண்டட்டும், அப்போது அவளுடைய பேற்றையும் தேவி மென்மையாக அவிழ்ப்பாள் என்கிறார். இரண்டு இடத்திலும் வினை ஒன்றே.

இதற்கு மறுபுறமும் உண்டு. அவிழ்க்கத் தெரிந்தவளுக்குக் கட்டவும் தெரியும். ஹெர்குலிஸைப் பெற முடியாமல் அல்க்மேனா ஏழு இரவும் ஏழு பகலும் துடித்த கதையை ஓவிட் அவள் வாயாலேயே சொல்ல வைக்கிறார். ஜூனோவிடம் முன்பே விலைபோய்விட்ட லூக்கீனா வாசலில் இருந்த பலிபீடத்தில் வந்து அமர்ந்து, வலது முழங்காலை இடது முழங்கால் மீது போட்டு, விரல்களைக் கோத்துக்கொண்டு, தாழ்ந்த குரலில் மந்திரம் சொல்லிப் பேற்றைத் தடுக்கிறாள். கலான்திஸ் என்ற பணிப்பெண் அதைக் கவனித்து, நீ யாராக இருந்தாலும் வாழ்த்துச் சொல், எங்கள் தலைவிக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று பொய் சொல்கிறாள். திகைத்த தேவி துள்ளி எழுந்து கைகளைப் பிரிக்கிறாள், குழந்தை பிறந்துவிடுகிறது. ஏமாந்த தெய்வத்தைப் பார்த்துச் சிரித்த குற்றத்துக்காகக் கலான்திஸ் மரநாய் வகைச் சிறு விலங்காக மாற்றப்படுகிறாள்.

இதில் என்னைப் பிடித்து நிறுத்தும் ஒரு செய்தி உண்டு. இங்கே லூக்கீனாவும் ஜூனோவும் இரண்டு பேர். ஒருத்தி மற்றவளுடைய ஏவலாள். நாட்காட்டிக் கவிதையிலோ இருவரும் ஒருவர். ஒரே கவிஞர், ஒரே காலகட்டம். கிரேக்கக் கதையில் ஜூனோவுக்கு நிகரான ஹேராவும், மகப்பேற்றுத் தெய்வமான எய்லெய்தூயாவும் தனித்தனித் தெய்வங்கள் என்பதால், அந்தக் கதையை லத்தீனில் சொல்லும்போது எய்லெய்தூயாவின் இடத்தை லூக்கீனா என்ற பெயரால் நிரப்புகிறார். பெயர் இங்கே இடத்துக்கேற்பக் குடிமாறுகிறது.

விரல் கோத்தல் வெறும் கவிதை என்று எண்ண வேண்டாம். கருவுற்றவர்களுக்கு அருகில் விரல்களைக் கோத்து அமர்வது சூனியம் என்று பிளினி இயற்கை வரலாற்றில் எழுதி, அல்க்மேனா கதையையே சான்றாகக் காட்டுகிறார். என் மகள் பிறந்தபோது பிரசவ அறைக்கு வெளியே நானும் கால்மேல் கால் போட்டு, விரல்களை இறுகக் கோத்தே உட்கார்ந்திருந்தேன். ஓவிடை அதற்கு முன்பே படித்திருந்தேன் என்றாலும் நினைவு வரவில்லை. ரோமானிய மருத்துவச்சி யாராவது பார்த்திருந்தால் என்னைத் தெருவுக்கே அனுப்பியிருப்பாள்.

மார்ச் 8

புத்தகங்களிலும் கல்லிலும் தேடுகிறோம். சாதாரணப் பெண்கள் இந்தப் பெயரைச் சொன்னார்களா என்று ஒருவர் கேட்டது நல்ல கேள்வி. பெண்களே எழுதிய சான்று கைவசம் இல்லை. ஆனால் மேடை நகைச்சுவை இருக்கிறது.

ரோமானிய நகைச்சுவை நாடக ஆசிரியர் டெரன்ஸின் இரண்டு நாடகங்களில், கி.மு. 166இல் அரங்கேறியதிலும் கி.மு. 160இல் அரங்கேறியதிலும், மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் ஒரே வரியைக் கத்துகிறது: ஜூனோ லூக்கீனா, உதவி செய், என்னைக் காப்பாற்று, மன்றாடுகிறேன். அவருக்கு முந்திய நாடக ஆசிரியர் பிளாட்டஸின் பொற்பானை நாடகத்திலும் இதேபோன்ற கூக்குரல் உள்ளது. மூன்றிலும் அவளை நாம் பார்ப்பதில்லை, குரல் மட்டும்தான். பார்வையாளருக்கு ‘குழந்தை பிறக்கப்போகிறது’ என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே போதும்.

டெரன்ஸின் முதல் நாடகத்தில் இதை வைத்து ஒரு நல்ல கேலியும் உண்டு. வெளியே நிற்கும் கிழவர் சீமோ, தன்னை ஏமாற்ற நடக்கும் நாடகம் இது என்று முடிவு கட்டி, அடடா, இவ்வளவு விரைவாகவா, நான் வாசலில் நிற்பது காதில் விழுந்ததும் அவசரப்படுகிறாள் என்கிறார். உள்ளே வலி உண்மை. இந்தக் கூக்குரல் அவ்வளவு பழகிப்போனதாக இருந்ததால்தான் அதைப் போலி என்று ஒருவர் நம்பவும் முடிந்தது.

ஒளியா சோலையா என்ற கேள்வியின் எடை இங்கே எனக்குக் குறைந்துவிடுகிறது. வலியில் கத்தியவளுக்கு அது வேர்ச்சொல் அல்ல, கூப்பிட்டால் வருபவளின் பெயர்.

மார்ச் 11

கிரேக்க எய்லெய்தூயாவைத் தொட்டுவிட்டதால் ஒரு குறிப்பு. அவள் பெயர் மிகப் பழையது. கிரீட் தீவின் க்னோசோஸ் அரண்மனையில் கிடைத்த லீனியர் பி என்ற மிகப் பழைய கிரேக்க எழுத்தில் அமைந்த களிமண் ஏடு ஒன்று, அம்னிசோஸ் துறைமுகத்தில் உள்ள எலெவுதியாவுக்கு (அவள் பெயரின் பழைய வடிவம்) ஒரு சாடி தேன் என்று கணக்கு எழுதியிருக்கிறது. அதே அம்னிசோஸில் எய்லெய்தூயாவின் குகை இருப்பதை ஒடிசி காவியமும் சொல்கிறது. லூக்கீனா அவளுடைய மொழிபெயர்ப்பாகப் பிறந்தவள் அல்ல. இத்தாலியில் தானே வளர்ந்த பெயரை, இலக்கியவாதிகள் பின்னால் கிரேக்கத் தெய்வத்தோடு பொருத்தினார்கள்.

மார்ச் 14

லூக்கீனா என்பதைப் பட்டம் என்று பார்த்தால் பல சிக்கல்கள் தளர்கின்றன. ‘ஜூனோ லூக்கீனா’ என்று சேர்ந்து வரும்போது அது ஜூனோவின் ஒரு தொழிலைக் குறிக்கும் பட்டம். கவிஞர் கட்டல்லஸ் அதே பட்டத்தை நிலவுத் தெய்வமான தயானாவின் தலையில் சூட்டி, நோவுறும் தாய்மார்களால் நீ லூக்கீனா ஜூனோ என்று அழைக்கப்படுகிறாய் என்று பாடுகிறார். சிசரோவின் உரையாடல் நூலில் நிலவும் லூக்கீனாவும் ஒன்றே என்ற கூற்று வருகிறது. வெர்ஜில் நான்காம் ஆயர் பாடலில், பிறக்கப்போகும் குழந்தைக்கு அருள்செய் கற்புடைய லூக்கீனா, உன் அப்பல்லோ ஆளத் தொடங்கிவிட்டான் என்கிறார். அப்பல்லோவின் உடன்பிறப்பு என்றால் தயானாதான்.

அதே வெர்ஜில் வேளாண் கவிதையில் பசுக்களைப் பற்றி எழுதும்போது, முறையான சேர்க்கைக்கும் ‘லூக்கீனாவைத் தாங்குவதற்கும்’ உரிய வயது நான்குக்குப் பின் தொடங்கிப் பத்துக்கு முன் முடிகிறது என்கிறார். தெய்வத்தின் பெயர் இங்கே பேறு என்ற செயலின் பெயராகவே ஆகிவிட்டது, அதுவும் தொழுவத்தில். இந்த வழக்கு நெடுங்காலம் உயிரோடு இருந்தது. 1750இல் லண்டனில் ஜான் ஹில், ஆண் துணையே இல்லாமல் காற்றில் மிதக்கும் நுண்ணுயிர்களால் கருவுற முடியும் என்று நிறுவுவதாகப் பாசாங்கு செய்து, ராயல் சொசைட்டியைக் கேலி செய்து ஒரு சிறு நூல் வெளியிட்டார். அதன் தலைப்பில் உள்ள லூக்கீனாவுக்கும் பேறு என்றுதான் பொருள்.

மார்ச் 15

ஒளி விளக்கத்துக்கு ஆதரவாக ‘காண்டெலிஃபெரா’வை ஒருவர் கொண்டுவந்திருக்கிறார். அவள் உண்மையில் உண்டு. மெழுகுவர்த்தி ஏந்துபவள் என்று பெயருக்கு நேர்ப்பொருள். பிள்ளைப்பேறு விளக்கொளியில் நடந்ததால் இந்தப் பெயர் என்று பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் கேலியோடு சொல்கிறார். ரோமானியரிடம் இப்படி ஒரு வேலைக்கு ஒருத்தி என்ற பட்டியலே இருந்தது: தலை முன்னாகப் பிறந்தால் ப்ரோர்சா, கால் முன்னாக வந்தால் போஸ்ட்வெர்ட்டா, முதல் அழுகைக்கு வாயைத் திறந்துவிட வாகிட்டானுஸ், தொட்டிலைப் பார்த்துக்கொள்ளக் கூனினா. புனித அகஸ்தீன் இந்தக் கூட்டத்தைப் பார்த்து எரிச்சல்பட்டது இயல்பே. ஆனால் காண்டெலிஃபெரா சிறு கடமைக்கான தெய்வம். கோயிலும் திருநாளும் நாணயமும் லூக்கீனாவுக்கே இருந்தன. இந்தச் சான்றை மேலே ஏற்றிவிட வேண்டாம்.

மார்ச் 19

கடனாக வைத்த தேவாலயக் கதை. ரோமில் கோர்சோ சாலைக்கு அருகில் உள்ள ‘சான் லொரென்ஸோ இன் லூச்சினா’ தேவாலயத்தின் முன்மண்டபத்தில் நான் நின்றிருக்கிறேன். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் இதே கூற்றைத்தான், காலுக்குக் கீழே ஜூனோவின் கோயில் என்று, மிக உறுதியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இடம் ஒத்துவரவில்லை. லூக்கீனாவின் கோயில் எஸ்குயிலின் குன்றின் கிஸ்பியுஸ் என்ற முகட்டில் இருந்தது. கி.மு. 190இல் மின்னல் தாக்கி அதன் முகப்பும் கதவுகளும் சிதைந்ததை வரலாற்றாசிரியர் லிவி பதிவுசெய்கிறார், கி.மு. 41இல் குயின்டுஸ் பேதியுஸ் என்ற அதிகாரி அவளுக்காக ஒரு சுவர் கட்டியதைச் சொல்லும் கல்வெட்டும் கிஸ்பியுஸ் பகுதியில்தான் கிடைத்தது. தேவாலயமோ நகரின் வேறொரு பக்கத்தில், மார்ஸ் வெளியில் நிற்கிறது. அதன் அடியில் ரோமானியக் கட்டடங்கள் இருக்கின்றன, உண்மை. லூக்கீனாவின் கோயில் இல்லை.

தேவாலயத்தின் பெயர் அந்த இடத்தைக் கிறிஸ்தவர்களுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் லூச்சினா என்ற சீமாட்டியிடமிருந்து வருகிறது. 366இல் தமாசுஸ் பாப்பரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது ‘இன் லூக்கீனிஸ்’ என்று குறிக்கப்படும் இந்த இடத்தில்தான். கலிஸ்துஸ் நிலத்தடிக் கல்லறைகளிலும் லூச்சினாவின் அறைகள் என்று ஒரு பகுதி உண்டு. அந்தச் சீமாட்டியின் பெயர் தெய்வத்தின் பெயரோடு ஒத்திருப்பது தற்செயல் என்று சொல்ல மாட்டேன். பெண்களுக்கு வைக்கும் பெயராக அது புழங்கியிருக்கிறது. ஆனால் பெயர் ஒத்திருப்பதை வைத்துக் கோயிலைத் தூக்கிவந்து தேவாலயத்துக்கு அடியில் வைப்பது கூடாது.

மார்ச் 20

அரசு இந்தப் பெயரை என்ன செய்தது என்பதும் பார்க்கத் தக்கது. கி.மு. 17இல் அகஸ்டஸ் நடத்திய நூற்றாண்டு விழாவில், ஓர் இரவு எய்லெய்தூயாக்களுக்கு மூன்று வகையில் ஒன்பது ஒன்பதாக 27 பணியாரங்கள் படைக்கப்பட்டன. விழாவில் சிறுவர் 27 பேரும் சிறுமியர் 27 பேரும் பாடிய, கவிஞர் ஹொரேஸின் பாடல், தெய்வத்திடம் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறாய் என்று கேட்கிறது: எய்லெய்தூயா, லூக்கீனா என்றால் சம்மதமா, அல்லது கெனிதாலிஸ் (பிறப்புக்குரியவள்) என்றா? பெயர் தவறினால் வேண்டுதலும் தவறும் என்ற பழைய அச்சம் இது. அடுத்த வரிகளிலேயே, பெண்களை மணமுடித்து வைப்பது பற்றிச் செனட் எடுத்த தீர்மானங்களைச் செழிக்கச் செய் என்று பாடல் இறங்கிவிடுகிறது. முந்தைய ஆண்டு வந்த அகஸ்டஸின் திருமணச் சட்டம்தான் அது. அறைக்குள்ளிருந்து வந்த கூக்குரலை மக்கள்தொகைக் கொள்கையாக்கியது அகஸ்டஸின் கெட்டிக்காரத்தனம்.

இரண்டாம் நூற்றாண்டில் பேரரசி இளைய ஃபவுஸ்தீனாவும் அவள் மகள் லூக்கில்லாவும் தங்கள் நாணயங்களில் ‘ஜூனோ லூக்கீனாவுக்கு’ என்று பொறித்தார்கள். ஃபவுஸ்தீனா பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பெற்றவள். பெரும்பாலானோர் இளமையிலேயே இறந்தார்கள். அவளுடைய நாணயத்தில் குழந்தைகளோடு நிற்கும் தேவியை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்தபோது அரச விளம்பரம் என்று ஒதுக்கத்தான் நினைத்தேன். பெற்ற எண்ணிக்கையும் இழந்த எண்ணிக்கையும் நினைவுக்கு வந்தபின் அப்படி முழுமையாக ஒதுக்க முடியவில்லை.

மார்ச் 26

மார்ச் 4 குறிப்பில் இலக்கணம் தீர்க்காது என்றேன். அது நிற்கிறது. ஆனால் வழக்கத்தைப் பார்த்தால் தராசு ஒளிப் பக்கம் சற்றுச் சாய்கிறது என்று இப்போது நினைக்கிறேன். காரணம் இரண்டு.

முதலாவது, ‘லூக்கியுஸ்’ என்ற ஆண் பெயர். விடியற்காலையில் பிறந்தவனுக்கு மானியுஸ், பகல் வெளிச்சத்தில் பிறந்தவனுக்கு லூக்கியுஸ் என்று பெயர் வைத்ததாக வர்ரோ எழுதுகிறார். பிறப்பையும் ஒளியையும் சேர்த்து நினைக்கும் வழக்கம் எந்தக் கோயிலையும் சாராமல் ரோமானியரிடம் இருந்தது என்பதற்கு இது சான்று. அகஸ்டஸ் காலத்துக் கிரேக்க வரலாற்றாசிரியரான ஹாலிகார்னாசஸ் டயோனீசியஸும், குழந்தை பிறந்தால் ஒரு காசு செலுத்த வேண்டும் என்று செர்வியுஸ் துல்லியுஸ் அரசர் விதித்ததைச் சொல்லும்போது, அந்தக் காசு எய்லெய்தூயாவின் கருவூலத்துக்குப் போனது, ரோமானியர் அவளை ஒளிகொணரும் ஹேரா என்கிறார்கள் என்று விளக்குகிறார். (இறந்தவர்களுக்கான காசு ஈமச் சடங்குகளின் தெய்வமான லிபிதீனாவின் சோலைக்குப் போனது. பிறப்புக்கும் இறப்புக்கும் தனித்தனிச் சோலை. நகரத்தின் மக்கள்தொகைக் கணக்கு தெய்வங்களின் உண்டியலில் கிடந்தது.)

இரண்டாவது, நோர்பா. பெயர் எஸ்குயிலின் சோலையில் மட்டும் பிறந்ததென்றால், அந்தச் சோலை இல்லாத நோர்பாவில் அவள் ஏன் லௌக்கீனா? ரோமிலிருந்து பெயர் பயணம் போயிருக்கலாம் என்று சோலைக் கட்சி பதில் சொல்லும். சோலை இல்லாத ஊர் எது என்றும் கேட்கும். இரண்டும் நியாயமான பதில்கள். ஆகவே ‘சற்று’ என்ற சொல்லைத் திரும்பப் பெற மாட்டேன். கேள்வி கேட்டவரின் ‘ஐயமே இல்லை’ என்பதற்கும் என் ‘சற்று’ என்பதற்கும் இடையே நிறைய தூரம் இருக்கிறது.

மார்ச் 27

அறிவியலில் இந்தப் பெயர் எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்ற கேள்விக்கு: 1758இல் உயிரினங்களுக்குப் பெயரிட்டு வகைப்படுத்திய லின்னேயஸ் ஒரு சிறு ஐரோப்பிய வண்ணத்துப்பூச்சிக்கு வைத்தார். 1875இல் மார்செயில் அல்ஃபோன்ஸ் பொரெல்லி கண்டுபிடித்த 146ஆம் சிறுகோளுக்கும் அதே பெயர். எனக்குப் பிடித்தது சிப்பிதான். ‘லூசினா’ என்ற இனமும் அதைச் சேர்ந்த குடும்பமும், வெளிச்சம் புகாத கடலடிச் சேற்றுக்குள் புதைந்து, தம் செவுள்களில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் கந்தகச் சேர்மங்களிலிருந்து தயாரிக்கும் உணவை நம்பி வாழ்பவை. ஒளிராததால் லூக்குஸ் என்று சொன்னவர்களுக்கு இது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

ஏப்ரல் 2

இது பெண்களுக்கு மட்டுமேயான வழிபாடா என்ற கடைசிக் கேள்விக்குச் சுருக்கமாக: இல்லை. மாத்ரோனாலியா நாளில் மனைவிமார் வீட்டு அடிமைகளுக்குத் தாமே உணவு பரிமாறினார்கள், கணவன்மார் மனைவியருக்குப் பரிசு கொடுத்தார்கள். தெர்த்துல்லியன் காலத்திலும், குழந்தை பிறந்த வீட்டில் ஒரு வாரம் முழுவதும் ஜூனோவுக்கு மேசை விரித்து உணவு வைத்தார்கள். அது தாய்க்கு மட்டுமல்லாமல் வீடு முழுமைக்குமான சடங்கு. கிஸ்பியுஸில் சுவர் கட்டியவரும் ஓர் ஆண். மேலே சொன்ன நோர்பாத் தகட்டில் காணிக்கை செலுத்தியவராகப் பொறிக்கப்பட்டிருப்பதும் ருட்டிலியுஸ் என்ற குலப்பெயர் கொண்ட ஓர் ஆண்தான்; யாருடைய பேற்றுக்காகச் செலுத்தினார் என்று தகடு சொல்லவில்லை.